பச்சைச் சேவலும் பற்றாத திரிகளும்

ஆய்வுகூடத்துக்குப் போகும் நடைக்கூடத்தில், கைகழுவும் தொட்டிக்கு மேலே, சட்டம் போட்ட ஒரு படம் தொங்குகிறதே, அதைப் பற்றி நீங்கள் ஆளுக்கொரு கதை கட்டி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். கறுப்புப் பின்னணியில் பச்சையாக ஒளிரும் ஒரு குத்துவிளக்கு. உச்சியில் ஒரு சேவல். திரிகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இருட்டு. முட்டை தரும் பண்ணைக்காரர் அன்பளிப்பாகத் தந்த படம் என்று உங்களில் ஒருவர் சொன்னாராம். இன்னொருவர், அது நான் ஓய்வுபெற்றபோது எனக்குத் தரவிருந்த பரிசு, நான் முகத்தைச் சுளித்ததால் அங்கேயே மாட்டிவிட்டார்கள் என்றாராம். நான் முகத்தைச் சுளித்திருப்பேன் என்பது நம்பக்கூடியது. மற்றபடி இரண்டும் பொய்.

அந்தப் படம் ஒரு கலாநிதிப் பட்ட ஆய்வின் முக்கியமான முடிவு. நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு பச்சைக் கோடும் கோழிக் கருவிலிருந்து எடுத்த உயிருள்ள நரம்பு.

என்னைப் பேச அழைத்தவர், "பயனுள்ளதாக ஏதாவது சொல்லுங்கள் மேடம்" என்று கேட்டுக்கொண்டார். கையுறை எப்படிப் போடுவது, தட்டை எப்படி மூடுவது எல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது. யாரும் வாசிப்பதில்லை என்பது வேறு விஷயம். அலவத்துகொடையிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்து, நசுங்கித் திரும்பிப் போய், உத்தியோக காலம் முழுவதையும் கழித்தவள் நான். கற்றுக்கொண்டேன் என்று துணிந்து சொல்லக்கூடியதெல்லாம் அந்தச் சேவல் நாளில் கற்றதுதான். அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நம் நாட்டில் எதைத் திறந்தாலும் விளக்கேற்றித்தான் திறக்க வேண்டும். பாலமானாலும் சரி, பல் வைத்தியசாலையானாலும் சரி, சேவல் வைத்த பித்தளை விளக்கு ஒன்று முன்னே வந்து நிற்கும். எங்கள் நிலையத்தில் பழைய கட்டடத்தைத் திறந்தபோதும் வந்து நின்றது. பிரமுகர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திரிகளைப் பற்றவைத்தார்கள். புகை மேலே போனது. கூரையில் புதிதாகப் பூட்டியிருந்த தீயணைப்புக் குழாய்கள் அன்றுதான் தங்கள் கடமையை முதன்முதலாகச் செய்தன. மேடையில் மழை கொட்டியது. வரவேற்புக் கீதம் பாடிக்கொண்டிருந்த மாணவிகளிடம் நிறுத்துங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் நனைந்தபடியே கடைசி வரி வரைக்கும் பாடினார்கள். பிரதம அதிதி தலையைத் துவட்டிக்கொண்டே நல்ல சகுனம் என்று சொன்னார். அதன் பிறகு அவர் எங்கள் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

ஆகவே நரம்பியல் பிரிவுக்குப் புதிய கட்டடம் எழும்பியபோது, உள்ளே தீக்குச்சி கூடக் கூடாது என்று பாதுகாப்பு அதிகாரி பலகை எழுதி மாட்டிவிட்டார். எங்கள் பணிப்பாளருக்குத் தூக்கம் போய்விட்டது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒழுங்கு, முறை என்றால் உயிரையே விடுவார். கதிரையை நகர்த்தினாலும் திரும்ப அதன் நாலு காலையும் பழைய தடத்தில் வைக்கிற மனிதர்.

"விளக்கில்லாமல் திறந்தா அது திறப்பு விழா இல்லை மேடம், கதவைத் தள்ளினதுதான்" என்றார்.

மின்சார விளக்கு வைக்கலாமே என்றேன்.

"அது சாப்பாட்டுக் கடையிலை வைக்கிறது."

அப்போதுதான் அவருடைய பார்வை விஜிதாவின் திரையில் விழுந்தது. விஜிதா என்னிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த பெண். புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவள். கெட்டிக்காரி, கை நடுங்காதவள். ஒரே ஒரு குறை, யார் வந்து எதைக் கேட்டாலும் "சரிங்க" என்று தூக்கிக் கொடுத்துவிடுவாள். தன் மேசையை, தன் முறையை, தன் சாப்பாட்டு நேரத்தை. எனக்கு எரிச்சல் வரும். அன்று அவளுடைய திரையில் நரம்புகள் நேர்கோடுகளாக, பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தன. பணிப்பாளர் கிட்டப் போய் நின்றார்.

"இது கோடு கீறுதுதானே? அப்ப விளக்குக் கீறாதோ?"

வேறு துறையிலிருந்து வந்திருப்பவர்களுக்காக இதைச் சற்று விளக்கிவிடுகிறேன். வளரும் நரம்பின் நுனி, இருட்டில் படியேறுகிறவர் சுவரைத் தடவுவதுபோல், தரையைத் தடவித் தடவிப் போகிறது. தரையில் தனக்குப் பிடித்த ஒட்டு மூலக்கூறு கிடைத்தால் பற்றிக்கொள்ளும். கிடைக்காத இடத்துக்குப் போகாது. எனவே கண்ணாடியில் அந்த மூலக்கூறை எந்த வடிவத்தில் பூசுகிறோமோ அந்த வடிவத்தில் நரம்பு வளரும். பணிப்பாளர் கேட்டது பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் முடியாத காரியமல்ல. அதுதான் தொல்லை.

பற்றிக்கொண்டால் மட்டும் நுனி முன்னேறிவிடாது. பிடி கிடைத்தது என்ற செய்தி கலத்தின் உள்ளே போக வேண்டும். அதைக் கொண்டுபோய், இழு, முன்னே போ என்று கிளப்பிவிடுபவை சமிக்ஞை நொதியங்கள். விஜிதா தன் ஆய்வில் சொல்லவந்தது இதுதான்: ஒவ்வொரு ஒட்டு மூலக்கூறுக்கும் கலத்தின் உள்ளே தனி நொதியம் இருக்கிறது. அவள் ஆராய்ந்த நொதியத்தை மருந்தால் ஊமையாக்கினால், ஓர் அரிய ஒட்டுப் புரதம் பூசிய தரையில் மட்டும் நரம்பு நின்றுவிடும். பக்கத்திலேயே சாதாரணப் புரதம் பூசியிருந்தால் அதில் வழக்கம்போல் நடந்து போகும். இதை நிரூபிக்க ஒரு கடைசிச் சோதனை பாக்கியிருந்தது. அரிய புரதத்தில் ஒரு சிறு குப்பிதான் மிச்சம். அடுத்தது இறக்குமதி அனுமதிக்காக எங்கேயோ காத்துக் கிடந்தது. அவளுடைய பதிவுக் காலமோ அந்த மாதத்தோடு முடிகிறது. நீடிப்பு ஏற்கெனவே வாங்கியாயிற்று. சோதனை நடக்காவிட்டால் பட்டமில்லை, இத்தனை வருட உழைப்பும் வீண்.

அந்த நேரம் பார்த்துப் பணிப்பாளர், விழா முடியும்வரை முட்டைகள், சுத்த அறை, அடைகாப்புப் பெட்டி எல்லாம் விளக்குக்கே என்று உத்தரவு போட்டார்.

"சரிங்க சார்" என்றாள் விஜிதா.

அவர் போன பிறகு அவளைத் திருப்பி நிறுத்தினேன். "என்னா புள்ள சரிங்க? ஒங்கட சோதனை என்னாகும்?"

"அவருக்கும் விழா முக்கியம்தானுங்களே மேடம்."

"ஒங்களுக்கு எது முக்கியம்ன்டு யாரு கேக்கிறது?"

அவள் தன் மேசையை ஒதுக்கத் தொடங்கினாள். எனக்கு வந்த கோபத்தில்தான் அந்த யோசனை பிறந்தது. விளக்குத்தானே வேண்டும்? விளக்கையே சோதனையாக்கிவிடுவோம். விளக்கின் அடி, தண்டு, எண்ணெய்க் கிண்ணம், சேவல் எல்லாம் சாதாரணப் புரதம். திரிகள் மட்டும் விஜிதாவின் அரிய புரதம். கிண்ணத்தில் நரம்புக்கலங்களை வைத்தால் கீழேயும் மேலேயும் வளர்ந்து போகும். மூன்று தட்டுகள் செய்வோம். முதலாவது மருந்திட்டது, அதில் நரம்பு திரியின் அடியில் நின்றுவிட வேண்டும். இரண்டாவது மருந்திடாதது, அதில் திரியிலும் ஏற வேண்டும். இந்த இரண்டும் ஆய்வுக்கு. மூன்றாவதும் மருந்திடாதது, அது விழாவுக்கு. பிரதம அதிதி பொத்தானை அழுத்துவார், நீல வெளிச்சம் விழும், சாயமேற்றிய நரம்பு பச்சையாக ஒளிரும், விளக்கு எரியும். எல்லோரும் கைதட்டிவிட்டுத் தேநீருக்குப் போகட்டும், நாங்கள் எங்கள் வேலையைப் பார்ப்போம்.

கலகெதரைப் பண்ணையிலிருந்து முட்டைகள் வந்தன. கூடவே விழாக் குழுவும் வந்தது. சேவல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று ஒரு கூட்டம். பிரதம அதிதியைப் பார்க்க வேண்டும் என்று முடிவாயிற்று. திரையில் படம் இடம்வலமாக மாறி விழும் என்று நான் சொன்னதும் இன்னொரு கூட்டம். பிறகு திரிகள். முதலில் ஐந்து என்றார்கள். நான்கு சமயத் தலைவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். மறுநாள் மாநகர சபையிலிருந்து ஒருவர். அதற்கடுத்த நாள் கட்டடத்துக்குச் சீமெந்து கொடுத்தவர்.

"இன்னும் ஒரே ஒரு திரி, மேடம்" என்று பணிப்பாளர் தினமும் கதவருகே வந்து நிற்பார். ஒரே விளக்கில் இரண்டு வகைத் திரி போட்டால் விஜிதாவின் ஒப்பீடு குழம்பிவிடும். எனவே ஒவ்வொரு பிரமுகருக்கும் மூன்று தட்டிலும் அவளுடைய குப்பியிலிருந்துதான் பூச வேண்டியிருந்தது. பதினோராவது திரியில் குப்பி காலியானது. சீமெந்துக்காரருக்கு ஒரு தம்பி இருந்திருந்தால் விஜிதாவின் பட்டம் அங்கேயே முடிந்திருக்கும்.

விழா நாள் காலையில், மூன்று தட்டும் அடைகாப்புப் பெட்டியில் இருந்தன. மூடிகளில் இலக்கமிட்டு, முதலிரண்டையும் மாலையில் படமெடுப்பதென்று தீர்மானித்திருந்தோம். நானும் விஜிதாவும் மண்டபத்தில் புதிய நுணுக்குக்காட்டியைத் திரையோடு பொருத்திக்கொண்டிருந்தோம். சுபநேரம் நெருங்கியது. விழாத் தட்டை எடுத்துவர விஜிதா புறப்பட்டபோது எதிரே பணிப்பாளர் வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு வெள்ளித் தாம்பாளம். அதில் வெற்றிலை அடுக்கி, அரலியப் பூ வைத்து, நடுவில் எங்கள் கண்ணாடித் தட்டு. வேட்டி சட்டையில், கலியாண வீட்டில் தாலியைக் கொண்டுவருகிறவர்போல் பயபக்தியோடு நடந்தார். அப்படி வருகிற ஒருவரை மறித்து மூடியில் என்ன இலக்கம் என்று கேட்க யாருக்கும் வாய் வராது. எனக்கும் வரவில்லை.

பிரதம அதிதி அமைச்சு ஒன்றின் செயலாளர், சிங்களப் பெண்மணி, என் வயதிருக்கும். வாழ்நாளில் பாதியை நாடா வெட்டியே கழித்த களைப்பு அவருடைய முகத்தில் தெரிந்தது. சுபநேரம் வந்தது. மேடையோரத்தில் நின்ற மேளக்காரர்கள் மங்கள மேளத்தைத் தொடங்கினார்கள். அவர் பொத்தானை அழுத்தினார்.

பெரிய திரையில் விளக்கு எழும்பியது. அடி, தண்டு, கிண்ணம், எல்லாம் பச்சை. உச்சியில் சேவல்! அப்படியொரு சேவலை நான் பித்தளையில் கூடக் கண்டதில்லை. வால் மட்டும் ஒரு தோகை. மண்டபம் மூச்சை இழுத்தது. ஆனால் திரிகள் இருந்த இடம் இருட்டாக இருந்தது. நரம்புகள் ஒவ்வொரு திரியின் அடிக்கும் வந்து, வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாமா என்று யோசிப்பதுபோல் நின்றிருந்தன.

விஜிதா என் முழங்கையைப் பிடித்தாள். "மேடம், இது முதலாவது தட்டுங்க."

செயலாளர் மறுபடி அழுத்தினார். விளக்கு அணைந்து, திரும்ப எரிந்தது. திரிகள் எரியவில்லை. பணிப்பாளர் எங்கள் பக்கமாகச் சரிந்தார்.

"என்ன நடந்தது? ஏன் திரியைக் காணேல்லை?"

"சார், நீங்க எந்தத் தட்டை எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"பழைய நுணுக்குக்காட்டியிலை வைச்சுப் பார்த்து, வடிவான சேவல் இருந்ததை எடுத்தனான். மூண்டாவதிலை சேவலுக்கு வாலே இல்லை, மேடம். பார்க்க வெக்கமாக் கிடந்தது."

சேவல் ஏன் வடிவாக இருந்தது என்று எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. திரியில் ஏற முடியாத நரம்பெல்லாம் வேறு வழியில்லாமல் சேவலுக்குப் போயிருக்கிறது.

"அப்ப அந்த மூணாவது எங்க ஈக்கி?" என்றேன்.

"வெளியிலை எடுத்து ஜன்னல்கரையிலை வைச்சனான். அதை இனி ஏன் உள்ளுக்கு வைப்பான் எண்டு."

கண்டியில் அன்று நல்ல வெயில். ஜன்னலோரத்து நரம்புகள் காய்ந்து மௌத்தாகிவிட்டன என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எஞ்சியது இரண்டாவது தட்டு, விஜிதாவின் தட்டு.

இதற்கிடையில் மேளம் ஓயவில்லை. கடைசித் திரி பற்றும்வரை மங்கள மேளத்தை நிறுத்தக் கூடாது, அதுதான் முறை. திரி பற்றவில்லை, ஆகவே மேளமும் நிற்கவில்லை. தலைமை மேளக்காரர் நரைத்த மீசைக்காரர். திரையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், அடிப்பார். அவருடைய ஆட்களின் நெற்றியில் வியர்வை வழிய ஆரம்பித்தது. கூட்டத்தில் யாரோ ஒருவர் கூடாத சகுனம் என்று சிங்களத்தில் முணுமுணுத்தது முன்வரிசை வரைக்கும் கேட்டது.

"மற்றத் தட்டைக் கொண்டுவாங்கோ" என்றார் பணிப்பாளர். வெறும் தாம்பாளம் இன்னும் அவருடைய கையில் இருந்தது. அவரும் பாவம்தான். இந்தக் கட்டடத்துக்காக அவர் ஏறி இறங்காத படியில்லை.

அந்தத் தட்டை மேடைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். பதினொரு பிரமுகர்களும் ஆளுக்கொரு திரி என்று பொத்தானை அழுத்தி நீல வெளிச்சத்தை அடிப்பார்கள். அந்த வெளிச்சத்தில் வெந்து நரம்பு சுருண்டுவிடும். ஒப்பிட எதுவும் மிஞ்சாது. குப்பி காலி, மாதமும் முடிகிறது.

விஜிதாவுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அவள் வாசலை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டாள். "பரவால்லீங்க மேடம். நான் போயி எடுத்தாந்துடுறேன்."

நான் அவளுடைய வெள்ளை மேலங்கியின் பின்பக்கத்தை எட்டிப் பிடித்தேன். மேடையில், இருநூறு பேர் பார்க்க, ஒரு மூத்த ஆய்வாளர் செய்யக்கூடாத காரியம். அவள் திரும்பியபோது கண் நிறைந்திருந்தது.

"ஓடுங்க" என்றேன். "ஆனா எடுத்துட்டு வாரத்துக்கு இல்ல. பழைய நுணுக்குக்காட்டில வச்சு இப்பவே போட்டோ புடிங்க. இந்தத் தட்டுட படம் இங்க கம்பியூட்டர்ல ஏறிட்டு. ரெண்டும் ஒரே நேரத்துல ஈக்கணும். போங்க!"

மாலைவரை வளர்ந்திருந்தால் நல்லதுதான். ஆனால் இரண்டு தட்டும் ஒரே வயதில் இருப்பதுதான் ஒப்பீட்டுக்கு உயிர். அவள் ஓடினாள். விஜிதா ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

மேடையில் மிஞ்சியது நான், பணிப்பாளர், ஒரு செயலாளர், எரியாத விளக்கு, நிற்காத மேளம். யா அல்லாஹ் என்று சொல்லிக்கொண்டு செயலாளரிடம் போனேன். பொய் சொல்ல நேரமில்லை. ஆறுதலாக யோசித்திருந்தால் நல்லதாக ஒரு பொய் சொல்லியிருப்பேனோ என்னவோ. நடந்ததைச் சிங்களத்தில் அப்படியே சொன்னேன். இது பழுதான விளக்கல்ல அம்மா. நரம்புக்குள் ஒரு நொதியத்தை மருந்தால் ஊமையாக்கியிருக்கிறோம், அதனால் இந்த நரம்பு விளக்கில் ஏறும், திரியில் ஏறாது. திரி எரியாமல் இருப்பதுதான் எங்கள் மாணவியின் கண்டுபிடிப்பு என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி திரையைப் பார்த்தார்.

"எனக்கு வெட்டாத கத்தரிக்கோல் தந்திருக்கிறார்கள்" என்றார். "திறக்காத கதவு தந்திருக்கிறார்கள். எரியாத விளக்கு இன்றுதான். சரி, இவ்வளவு பேர் இருக்கிறீர்கள், திரி பற்றவில்லை என்றால் வீட்டில் முதலில் எதைப் பார்ப்போம்? எண்ணெய் ஊற்றினீர்களா?"

நான் தட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

மருந்தைக் கழுவி எடுத்துவிட்டுப் புதிய ஊட்டத் திரவத்தை ஊற்றினால்? அந்த நொதியம் திரும்பப் பேசத் தொடங்கினால்? நின்ற நரம்பு மறுபடி ஏறினால், அதைவிடப் பெரிய சாட்சி வேறில்லை. அப்படியொரு சோதனை செய்ய எங்களுக்கு ஆசைதான். அதற்குப் புரதம் இல்லையே என்று ஆய்வுத் திட்டத்தில் எழுதாமலே விட்டிருந்தோம். இப்போது கண்முன்னே ஒரு தட்டு, படம் எடுத்தாகிவிட்ட தட்டு. ஊற்றுகிற வேகத்தில் நரம்பு பிய்ந்து போகலாம். பிய்ந்தால் சேவலும் போகும், என் மானமும் போகும். ஆனால் விஜிதாவின் இரண்டு படங்களும் போகாது. போகக்கூடியது என்னுடையதாக மட்டும் இருந்தபோது, முடிவெடுப்பது ஆச்சரியப்படும் அளவுக்கு இலகுவாக இருந்தது.

"இல்லை அம்மா" என்றேன். "எண்ணெய் ஊற்றவில்லை."

நுணுக்குக்காட்டியோடு மண்டபத்துக்குக் கொண்டுவந்திருந்த சூட்டுப் பெட்டியிலிருந்து இளஞ்சூடான ஊட்டத் திரவத்தை எடுத்தேன். நீல வெளிச்சத்தை அணைத்துவிட்டு, தட்டிலிருந்த மருந்தை மெல்ல உறிஞ்சினேன். பிரமுகர்களுக்கு முகக்கவசம் கொடுத்து வரிசையில் நிறுத்தினேன். ஒவ்வொருவரும் ஒரு துளி, தட்டின் ஓரமாக, மெதுவாக. யாரும் இருமக் கூடாது. செயலாளர் முதல் துளியை விட்டார். பிக்கு விட்டார், குருக்கள் விட்டார், பாதிரியார் சிலுவை அடையாளமிட்டுவிட்டு விட்டார். விளக்கேற்றும் நேரங்களில் கைகட்டி ஒதுங்கி நிற்கிற எங்கள் மௌலவி, "இது வெளக்கில்லயே, கோழிக்குத் தீன்தானே" என்று என்னிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு பிஸ்மில்லாஹ் சொல்லி விட்டார். சீமெந்துக்காரர் பலமாக அழுத்தியதில் இரண்டு துளி விழுந்தது. பணிப்பாளர் கடைசியாக வந்தார். அவருடைய துளி விழும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு துளிக்கும் மண்டபம் கைதட்டியது. இது இப்படித்தான் நடக்க வேண்டிய சடங்கு என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

மேளம் மட்டும் நிற்கவில்லை. தலைமை மேளக்காரர் அடித்தபடியே என் அருகில் வந்து, தலையைச் சாய்த்துச் சிங்களத்தில் கேட்டார்.

"நோனா, எரிந்ததா இல்லையா?"

"நாளைக்கு" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். என் முகத்தில் சிரிப்பு இல்லை என்று தெரிந்ததும், தன் ஆட்களுக்குக் கண்ணைக் காட்டினார். மேளம் முடியாமலே, நடுவில், சட்டென்று நின்றது. அடுத்த அடிக்காகக் காத்திருந்த காது ஏமாந்தது. பணிப்பாளர் அதற்குள் தேநீர் தயார் என்று அறிவித்துவிட்டார்.

நான் ஆய்வுகூடத்துக்குப் போனபோது விஜிதா பழைய நுணுக்குக்காட்டியின் முன் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது தட்டில் பதினொரு திரியும் ஏறியிருந்தன, கட்டைத் திரிகளாக, ஆனால் சந்தேகமில்லாமல். படம் எடுத்திருந்தாள். கை நடுங்காத பிள்ளைக்கு அன்று நடுங்கியதாம், ஏழு தடவை எடுத்தாளாம். மேடையில் என்ன நடந்தது என்று சொன்னேன். முதலாவது தட்டை அடைகாப்புப் பெட்டியில் வைத்தபோது அவள் கேட்டாள்.

"மேடம், அவரு எடுத்தாரச் சொன்னாரே, நான் எடுத்தாரலியே. கோவிச்சுக்குவாருங்களா?"

"கோவிக்கட்டும்" என்றேன். "ஒரு மனுசன் கோவிக்கிறதால ஒரு நரம்பும் சாகாது."

மறுநாள் பணிப்பாளர் வரவில்லை, காய்ச்சல் என்று சொல்லியனுப்பினார். பிரமுகர்கள் யாருக்கும் நாளைக்கு என்று நான் சொன்னது நினைவிருக்கவில்லை. நானும் விஜிதாவும் தட்டை எடுக்கப் போனபோது, நடைக்கூடத்தில், கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், தலைமை மேளக்காரர் நின்றிருந்தார். தனியாகத்தான் வந்திருந்தார். வெள்ளை உடுத்து, தலைப்பாகை கட்டி, இடுப்பில் மேளம்.

"நாளைக்கு என்றீர்கள்" என்றார். "மங்கள மேளத்தைத் தொடங்கிவிட்டு முடிக்காமல் வீட்டுக்குப் போனேன். இரவு சோறு இறங்கவில்லை."

அவரை உள்ளே விட முடியாது. கதவின் கண்ணாடி வழியாகத் திரை தெரியும்படி நிற்க வைத்தோம். விஜிதா தட்டை வைத்தாள். வெளிச்சத்தைப் போடாமல் நின்றாள்.

"போடுங்க புள்ள."

"நீங்க போடுங்க மேடம். இல்லாட்டி சாருக்குக் காய்ச்சல் சுகமானதும் அவரையே..."

"விஜிதா."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினாள்.

நேற்று வாசற்படியில் நின்ற நரம்பெல்லாம் ஏறியிருந்தது. மெல்லிய, வளைந்த, ஒன்றோடொன்று தட்டுத்தடுமாறி ஏறிய பச்சை இழைகள், திரிக்குத் திரி. சீமெந்துக்காரரின் இரண்டு துளிக்கும் ஒன்றும் ஆகவில்லை. விஜிதா திரைக்குக் கிட்டப் போனாள். முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "இது என்னோடதுங்க மேடம்" என்றாள். இன்னொரு தரம், சற்று உரக்க, "என்னோடது" என்றாள். எனக்கும் அழுகை வந்தது. நான் அழுதேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

கதவுக்கு வெளியே மேளக்காரர் மேளத்தில் கை வைத்தார். நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, அதிர்ந்தால் நரம்பு பிய்ந்துவிடும் என்றேன். அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு உள்ளங்கையை எடுத்துவிட்டு, விரல் நுனிகளால் மட்டும், தோலைத் தடவுவதுபோல், நேற்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். பக்கத்தில் நின்ற எனக்கே மழை தூறுகிற அளவுக்குத்தான் கேட்டது. கட்டடத் திறப்புக்கென்று தொடங்கிய மேளம் அது. பிரமுகர் யாருமில்லாத நடைக்கூடத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு தோட்டத்துப் பெண்ணைப் பார்த்து அவர் அதை அடித்து முடித்தார்.

முடித்ததும் தலை குனிந்து வணங்கினார். விஜிதா பதறிப்போய் வழக்கம்போல் தனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். அங்கே அடைகாப்புப் பெட்டிதான் இருந்தது.